மாத்திரை தரும் மெய்ப்பாடு

மனநல வெளிநோயாளிப் பிரிவில் டாக்டரின் அறையைவிட வெளியே வராந்தாவில் கிடக்கும் பெஞ்சில்தான் பார்ப்பதற்கு நிறைய இருக்கும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் என் ஆசிரியர். நான் பயிற்சி மருத்துவனாக இருந்த காலத்தில் அவர் தன் நாற்காலியைக் கொஞ்சம் கோணலாகப் போட்டுக்கொள்வார். திறந்த கதவு வழியாகப் பெஞ்சு தெரியவேண்டும். சீட்டு எழுதிக்கொண்டே ஒரு கண் வெளியே இருக்கும்.

ஒரு நாள், "அந்த நீலச் சட்டைய பாரு. கால எத்தனை தடவ மாத்துறான்னு எண்ணு" என்றார்.

இருபது வயதுப் பையன். பெஞ்சில் இடம் இருந்தும் நின்றுகொண்டிருந்தான். இடது காலிலிருந்து வலது காலுக்கு, வலதிலிருந்து இடதுக்கு உடம்பை மாற்றி மாற்றிப் போட்டான், சித்திரை மாதத்துக் கோயில் பிரகாரத்தில் வெறுங்காலோடு மாட்டிக்கொண்டவன் மாதிரி. உட்கார்ந்தான். முழங்கால் ஆடியது. எழுந்தான். நான் முப்பதுவரை எண்ணிவிட்டு விட்டுவிட்டேன்.

உள்ளே வந்ததும் அம்மாதான் பேசினார். "ராத்திரி பூரா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்குறான் சார். நோய் திரும்பிடுச்சு போல. ஊசிய கொஞ்சம் கூட்டிப் போடுங்க."

ஆசிரியர் பையனிடம் திரும்பினார். "உள்ள என்ன பண்ணுது தம்பி?"

"இருப்புக் கொள்ளல சார்."

ஆசிரியர் பேனாவைக் கீழே வைத்தார். "வீசிங் எதாவது உண்டா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும் ஊசியின் அளவைக் கூட்டுவதற்குப் பதில் குறைத்தார், கூடவே புரோப்ரனலால் எழுதினார். அம்மாவுக்குத் திருப்தியில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

பையனுக்கு இருந்ததன் பெயர் அகதீசியா. முதல் தடவை கேட்டபோது எனக்கு 'அகதி' என்றே காதில் விழுந்தது. சொற்பிறப்பில் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் அந்தப் பையனைப் பார்த்தபின் சம்பந்தம் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. கிரேக்கத்தில் 'அ' என்றால் இன்மை, 'கதீசியா' உட்கார்தலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. உட்காராமை. பிராகா நகரத்து நரம்பியல் மருத்துவர் லாடிஸ்லாவ் ஹாஷ்கோவெட்ஸ் 1901இல் இந்தப் பெயரை வைத்தார். மனநோய்க்கான நவீன மாத்திரைகள் வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பு, உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியாத இரண்டு பேரைப் பார்த்து வைத்த பெயர். மருந்து பிற்பாடு வந்து அந்தப் பெயருக்குள் குடியேறிக்கொண்டது.

பெயர் நல்ல பெயர்தான். ஆனால் பையன் சொன்னது அதைவிட நல்லது என்பது என் கட்சி. தமிழில் 'இரு' என்றால் உட்கார் என்றும் பொருள், உயிரோடு இரு என்றும் பொருள். இருப்புக் கொள்ளவில்லை என்று ஒருவன் சொல்லும்போது இரண்டும் சேர்ந்தே வருகிறது. கிரேக்கச் சொல் வெளியில் தெரியும் காலாட்டத்தைச் சொல்கிறது. நம் சொல் தோலுக்கு உள்ளே நடப்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது.

உள்ளேயும் வெளியேயும் என்ற இந்தப் பிரிவினைதான் பிற்பாடு அளவுகோலாக ஆயிற்று. 1989இல் இங்கிலாந்தின் தாமஸ் பார்ன்ஸ் வெளியிட்ட அகதீசியா அளவுகோலின் அழகு அதில் இருக்கிறது. கண்ணால் பார்ப்பதற்கு ஒரு மதிப்பெண். தன் நிலைகொள்ளாமையை நோயாளி உணர்கிறாரா என்பதற்கு ஒன்று. அதனால் எவ்வளவு வேதனை என்பதற்குத் தனியாக இன்னொன்று. மூன்றும் பூஜ்யத்திலிருந்து மூன்றுவரை. எல்லாம் சேர்ந்த ஒட்டுமொத்தக் கணிப்பு ஐந்துவரை. உட்காரவைத்துக் குறைந்தது இரண்டு நிமிடம், நிற்கவைத்து இரண்டு நிமிடம் பார்க்கவேண்டும். அந்த நேரத்தில் ஊர், சாப்பாடு, பஸ் என்று சும்மா பேசிக்கொண்டிருக்கவேண்டும். கால் ஆடுகிறது, உள்ளே ஒன்றும் இல்லை என்றால் அதற்குப் 'போலி அகதீசியா' என்று பெயர். அதற்கு நேர்மாறாக, உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும், வெளியே முழங்கால் லேசாக அசைவதோடு சரி என்கிற ஆட்களும் உண்டு. தியோடோர் வான் பட்டன் 1975இல் எழுதிய ஒரு கட்டுரைக்கு அகதீசியாவின் பல முகங்கள் என்ற பொருளில் தலைப்பு வைத்தார். கோபம், பயம், அழுகை, நோய் முற்றுதல் என்று எந்த முகத்தோடும் அது வரும்.

தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயல் இருக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு. ஒவ்வொன்றும் பிறக்கும் இடங்கள் நந்நான்கு. உள்ளத்தில் இருப்பது உடம்பில் வந்து தெரியும், தெரிவதை வைத்து உள்ளத்தைப் படிக்கலாம் என்ற நம்பிக்கையின்மேல் கட்டிய இயல் அது. நாம் எல்லோரும் அந்த நம்பிக்கையில்தான் வாழ்கிறோம். அம்மாவும் அப்படித்தான் பையனைப் படித்தார். நடக்கிறான் என்றால் மனம் கலங்கியிருக்கிறது. ஆனால் மனநல மாத்திரைகள் தரும் அசைவுகள் மெய்யில் மட்டும் தோன்றும் மெய்ப்பாடுகள். துயரமில்லாத துயர முகம், பயமில்லாத விழிப்பிதுக்கம், மெல்லுவதற்கு ஒன்றுமில்லாத மெல்லல். இவற்றை வகைபிரிப்பது என்பது பாதிக்கு மேல், நாம் குழந்தையிலிருந்து படித்துப் பழகிய பாடத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்ப்பதுதான்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குளோர்புரோமசின் 1952இல் பாரிஸின் செயின்ட் ஆன் மருத்துவமனையில் ழான் டிலேயும் பியர் டெனிக்கரும் மனநோயாளிகளுக்குக் கொடுத்தது. நம்மூரில் லார்காக்டில் என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். இரண்டே வருடத்தில், 1954இல், சுவிட்சர்லாந்தின் ஹான்ஸ் ஷ்டெக், இந்த மருந்தும் நம் சர்ப்பகந்தியிலிருந்து எடுத்த ரிசர்பினும் பார்க்கின்சன் நோயைப் போன்ற நிலையைத் தருகின்றன என்று எழுதினார். 1961இல் அமெரிக்காவின் ஃபிராங்க் அய்ட் 3,775 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார். ஏறக்குறைய ஐந்தில் இருவருக்கு ஏதாவதொரு அசைவுக் கோளாறு இருந்தது. அதில் அகதீசியாவே அதிகம், 21 விழுக்காடு. பார்க்கின்சன் வகை 15. தசை முறுக்கம் 2 விழுக்காட்டுக்குச் சற்று மேல்.

எண்ணிக்கையில் சிறிதானாலும் பார்த்தவர் மறக்காதது தசை முறுக்கம்தான். டிஸ்டோனியா. ஹாலோபெரிடால் ஊசி போட்ட மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வரும். பெரும்பாலும் முதல் ஐந்து நாளுக்குள். வாலிப வயது ஆண்களிடம் அதிகம். கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொள்ளும், தாடை பூட்டிக்கொள்ளும், அல்லது கண்மணிகள் மேலே ஏறி அங்கேயே நின்றுவிடும். வீட்டில் வேப்பிலை தேடுவார்கள். சரியான மருந்தை ஊசியாகப் போட்டால் அரை மணிக்குள் கண் இறங்கிவிடும். எங்கள் அவசரப் பிரிவில் அது பெனர்கனாக இருக்கும். இவ்வளவு சீக்கிரம் ஒரு மருந்து தன் பேச்சைக் காப்பாற்றுவது மருத்துவத்தில் அபூர்வம். குரல்வளைத் தசை முறுக்கிக்கொண்டால் மட்டும் நிதானத்துக்கு இடமில்லை, மூச்சு நின்றுவிடும்.

பார்க்கின்சன் வகைக்கு வாரக் கணக்கு. முகத்தின் பாவம் வடியும், கண் சிமிட்டல் குறையும், நடக்கும்போது கை வீசாது. 'பையன் அமைதியாயிட்டான்' என்று வீட்டார் மகிழ்வதும், 'மனசொடிஞ்சு போயிட்டான்' என்று வருந்துவதும் இதே முகத்தைப் பார்த்துத்தான். முழங்கையை மடக்கி நீட்டினால் பல்சக்கரம் உருள்வதுபோல் விட்டு விட்டுத் தட்டும். தட்டுகிறதா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால் ஒரு தந்திரம் உண்டு: நோயாளியை மறு கையால் காற்றில் வட்டம் போடச் சொல்லவேண்டும். ஒளிந்திருந்த விறைப்பு உடனே இந்தக் கைக்கு வந்துவிடும். வயதான காலத்தில் தானாக வரும் பார்க்கின்சன் நோய் வழக்கமாக ஒரு பக்கத்தில் தொடங்கும். மாத்திரை தருவது பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும். ஓய்வில் இருக்கும் கட்டைவிரலும் சுட்டுவிரலும் செய்யும் நடுக்கத்துக்கு மருத்துவத்தில் மாத்திரை உருட்டல் என்றே பெயர். அந்தக் காலத்து மருந்தாளர் கையால் மாத்திரை பிடித்ததைப் பார்த்து வைத்தது. மாத்திரையால் வந்த நடுக்கத்துக்கும் அதே பெயர் பொருந்திப்போனது தற்செயல்.

எனக்கு இந்த வகையில் மிகப் பிடித்த நுணுக்கம் ஜெர்மனியின் ஹான்ஸ்-யோஆகிம் ஹாஸே 1950களில் கண்டது. நடுக்கம் தெரிவதற்கு முன்பே, விறைப்பு கைக்கு அகப்படுவதற்கு முன்பே, எழுத்து சிறுத்துவிடும். ஆகவே அவர் நோயாளிகளை ஒரே வாசகத்தைத் தினமும் தாளில் எழுதச் சொன்னார். மருந்தைக் கூட்டிக்கொண்டே போகும்போது எழுத்து எந்த நாளில் சற்றே சுருங்கி இறுகுகிறதோ அந்த அளவுதான் நோய்க்குப் போதுமான அளவு, அதற்கு மேல் தேவையில்லை என்றார். ஒரு பேனாவும் காகிதமும்தான் கருவி. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு பெட் ஸ்கேன் வந்து மூளைக்குள் எட்டிப்பார்த்தது. டோபமின் டி2 ஏற்பிகளில் சுமார் 65 விழுக்காட்டை மருந்து அடைத்தால் நோய் தணிகிறது, 80ஐ நெருங்கினால் அசைவுக் கோளாறு தலைகாட்டுகிறது என்று தெரிந்தது. நடுவில் இருப்பது ஒரு சின்னச் சந்து. அந்தச் சந்தின் வாசலை ஹாஸே கையெழுத்தில் தடவிப் பார்த்திருக்கிறார்.

இனி வருவதுதான் வகைபிரிப்பின் உச்சம்: மாதங்கள், வருடங்கள் கழித்து வருபவை. 1957இல் ஜெர்மனியின் ஷோனெக்கர் என்பவர் வயதான பெண்களின் வாயில் மருந்துக்குப் பின் தோன்றிய சப்புக்கொட்டலை எழுதினார். 1964இல் டென்மார்க்கின் ஃபவுர்பியும் சகாக்களும் டார்டிவ் டிஸ்கைனீசியா என்று பெயரிட்டார்கள். காலம் தாழ்ந்து வரும் தாறுமாறான அசைவு. இதைப் பார்ப்பதற்கென்று அமெரிக்காவில் 1976இல் வெளியான எய்ம்ஸ் என்ற அளவுகோல் இருக்கிறது (டெல்லி மருத்துவமனை அல்ல). கைப்பிடி இல்லாத கெட்டியான நாற்காலி வேண்டும் என்று அது கேட்கிறது. நோயாளிக்குத் தெரியாமல், அவர் சும்மா இருக்கும்போது ஒரு தடவை கவனி என்கிறது. என் ஆசிரியரின் கோணல் நாற்காலி அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அப்புறம் வாயைத் திறக்கச் சொல்லவேண்டும். இப்போதைக்கு நாக்கை நீட்டச் சொல்லக்கூடாது, திறந்தால் போதும். வாய்க்குள் நாக்கு சும்மா கிடக்கிறதா? மழைக்காலத்தில் மண்ணைக் கிளறினால் புழு நெளியுமே, அப்படி நாக்கின் பரப்பு மெல்ல நெளிந்தால் அதுதான் முதல் தகவல். இரண்டு தடவை திறக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதல் தடவை நாக்கு மரியாதையாக இருந்துவிடும். பிறகு கட்டைவிரலால் மற்ற விரல்களை வரிசையாக, வேகமாகத் தொடச் சொல்லவேண்டும், பத்துப் பதினைந்து விநாடி. பார்க்கவேண்டியது விரலை அல்ல. நோயாளியின் கவனம் விரலுக்குப் போனதும் முகமும் காலும் காவல் இல்லாத வீடாகிவிடும்; ஒளிந்திருந்த அசைவு அங்கே வெளியே வரும்.

நாக்கை நீட்டச் சொல்வதில் இன்னொரு நயம். ஹண்டிங்டன் என்ற பரம்பரை நோயிலும் வாயும் முகமும் ஆடும். ஆனால் அந்த நோயாளியால் நீட்டிய நாக்கை நீட்டியபடி வைத்திருக்க முடியாது, உள்ளே ஓடிவிடும். மாத்திரையால் வந்ததாக இருந்தால் நாக்கை நீட்டியே வைத்திருப்பார். பல நேரம் நீட்டியதும் ஆட்டமே குறையும். ஹண்டிங்டன் நெற்றியையும் விடாது. மாத்திரையின் அசைவுக்கு முகத்தின் கீழ்ப்பாதிதான் விருப்பம். அசைவின் ஓட்டமும் வேறு. ஹண்டிங்டனின் அசைவு ஓர் உறுப்பிலிருந்து இன்னோர் உறுப்புக்குச் சொல்லாமல் தாவும். இது அப்படியில்லை, மெல்லுதல், உதட்டைக் குவித்தல், நாக்கால் கன்னத்தை உள்ளிருந்து முட்டுதல் என்று செய்ததையே செய்யும்.

இதே வாயில் இன்னொன்று வரும். 1972இல் வில்னெவ் எழுதியது. முயல் கோளாறு என்று பெயர். உதடு மேலும் கீழும் மட்டும் போகும், விநாடிக்கு ஐந்து தடவை என்ற கணக்கில், தாளம் தப்பாமல். பக்கவாட்டு அசைவு கிடையாது. நாக்கு அதில் சேராது. முயல் மூக்கை ஆட்டிக்கொண்டு புல் தின்பதைப் பார்த்தவருக்குப் பெயரில் ஒரு குறையும் தெரியாது. (அதே 1972இல் எக்பம், உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவதற்குப் பைசா கோபுரத்தின் பெயரை வைத்தார். நல்ல விளைச்சல் கண்ட வருடம்.)

நாக்கு சேருகிறதா இல்லையா என்பதில் இத்தனை அக்கறை எதற்கு என்றால், அதைப் பொறுத்துத்தான் சீட்டில் எழுதும் மருந்து மாறும். பாசிட்டேன் என்று கடைகளில் கிடைக்கும் ட்ரைஹெக்சிபெனிடில், முயல் உதட்டை அடக்கிவிடும். கொஞ்சம் தள்ளி, அதே வாயில், நாக்கும் சேர்ந்து நெளியும் டார்டிவ் வகைக்கு அதே மாத்திரையைக் கொடுத்தால் நெளிவு கூடும். ஆனால் அதே டார்டிவ் குடும்பத்தில் டிஸ்டோனியா என்றொரு பிள்ளை இருக்கிறது. பர்க்கும் ஃபானும் சகாக்களும் 1982இல் அதைத் தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். அதற்கு மறுபடியும் பாசிட்டேன் வகை உதவக்கூடும். ஒரே குடும்பம், ஒரே மருந்து, ஒரு பிள்ளைக்கு ஆகும், இன்னொன்றுக்கு ஆகாது.

டார்டிவ் டிஸ்டோனியாவில் கழுத்து பின்னோக்கி வளையும், முழங்கை நேராக விறைக்கும், மணிக்கட்டு மடங்கும். அதில் ஒன்றை நான் முதலில் பார்த்தபோது நம்பவில்லை. தலை பின்னால் இழுத்துக்கொண்டு வந்தவர், என்னிடம் பேசவேண்டும் என்றபோது ஆள்காட்டி விரலைத் தாடையில் வைத்தார். அழுத்தவில்லை, தள்ளவில்லை. தலை நேராயிற்று. பேசி முடித்து விரலை எடுத்தார். தலை மறுபடி போய்விட்டது. இரும்புக்கம்பியாக இழுக்கும் தசைக்கு ஒரு விரல்நுனி எப்படி ஈடு? தொடுவுணர்வு மூளைக்குள் போய் அசைவின் கணக்கை மாற்றிவிடுகிறது என்பார்கள். இந்தத் தந்திரத்தை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இப்படிப்பட்ட நோயாளிகள் தாங்களாகவே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

காலத்தை வைத்துச் செய்யும் பிரிவினையும் இதைப்போல நுணுக்கமானது, கொஞ்சம் ஏமாற்றுக்காரத்தனமும் அதில் உண்டு. தொடக்க வாரங்களில் வரும் அகதீசியா அளவைக் குறைத்தால் தணியும். காலம் தாழ்ந்து வருவது குறைத்தால் சிலிர்த்து எழும், கூட்டினால் அடங்குவதுபோல் நடிக்கும். திடீரென்று மருந்தை நிறுத்தியதும் வரும் அசைவு நான்கு முதல் எட்டு வாரத்தில் போய்விட்டால் அதற்கு நிறுத்தக் கோளாறு என்ற இலகுவான பெயர். அதற்கு மேல் நீடித்தால் பெயர் மாறி டார்டிவ் ஆகிவிடும். டார்டிவ் என்று சொல்லச் சாதாரணமாக மூன்று மாதம் மருந்து சாப்பிட்டிருக்கவேண்டும்; அறுபது தாண்டியவருக்கு ஒரு மாதமே போதும். இரவில் கால் உளையும் இன்னொரு நோய் இருக்கிறது, அதையும் அகதீசியாவையும் குழப்பிக்கொள்வார்கள். படுத்தால் அது கூடும். அகதீசியா பெரும்பாலும் படுத்தால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.

2017இல் டார்டிவ் டிஸ்கைனீசியாவுக்கென்றே வால்பெனசின், டியூடெட்ரபெனசின் என்ற இரண்டு மருந்துகளுக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. இரண்டும் 1950களின் டெட்ரபெனசினின் வாரிசுகள். டோபமினைப் பொட்டலம் கட்டும் வேலையைத் தடுப்பவை. சர்ப்பகந்தியின் ரிசர்பினும் அதே வேலையைத்தான் செய்தது. ஷ்டெக் குற்றம் சாட்டிய குடும்பத்தின் தூரத்து உறவினர் அறுபது வருடம் கழித்து வேறொரு வழக்கில் வைத்தியராக வந்து நிற்கிறார்.

இத்தனை வகைபிரித்தபிறகு, மாத்திரையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடலாமா என்றால், சென்னையிலிருந்து ஒரு மறுப்பு வருகிறது. ஸ்காட்லாந்தின் மெக்கிரிடியும் சென்னை ஸ்கார்ஃப் அமைப்பின் தாரா முதலானவர்களும் சேர்ந்து சென்னையில் 308 முதியவர்களைப் பரிசோதித்து 1996இல் எழுதினார்கள். இந்த ஆய்வுக்கு இந்த ஊர் தேவைப்பட்டதற்குக் காரணம் பெருமைப்படத் தக்கதல்ல. மனச்சிதைவு நோயோடு முதுமைவரை வந்து, ஒரு மாத்திரைகூடச் சாப்பிடாதவர்கள் இங்கே கிடைத்தார்கள். அப்படி 21 பேர். நோயில்லாதவர்களில் 15 விழுக்காட்டினரிடம் தாறுமாறான அசைவு இருந்தது, நோயாளிகளின் இரத்த உறவினரிடமும் 15. மருந்து சாப்பிட்ட நோயாளிகளில் 41. மருந்தே தொடாத அந்த 21 பேரில் 38. கடைசி இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். மனநல மருத்துவர் கிரேப்பெலின், மாத்திரை இல்லாத காலத்திலேயே நோயாளிகளின் முகத்தில் இப்படிப்பட்ட அசைவுகளைக் கண்டு எழுதியிருக்கிறார். ஆகவே, நாக்கு நெளிகிறது என்று எழுதுவது ஒன்று, மாத்திரையால் நெளிகிறது என்று எழுதுவது வேறொன்று. அந்த 'மாத்திரையால்' என்ற சொல்லுக்குத் தனியாகச் சாட்சி வேண்டும்.

எய்ம்ஸில் பரிசோதனையின் தொடக்கத்திலேயே ஒரு கேள்வி இருக்கிறது. வாயில் ஏதாவது வைத்திருக்கிறீர்களா? சூயிங்கம், மிட்டாய் என்று அமெரிக்கர்கள் நினைத்து எழுதியது. இங்கே அதற்கு வெற்றிலை, புகையிலை, ஹான்ஸ், பல்செட் என்று பட்டியல் நீளும். கேட்காமல் விட்டவர்கள் வெற்றிலைக்கு மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். நானும் ஒரு தடவை போட்டிருக்கிறேன்.

அதே அளவுகோலில், அசைவு தமக்கு இருப்பது நோயாளிக்குத் தெரிகிறதா என்றொரு கேள்வி. நீலச் சட்டைப் பையனுக்குத் தெரிந்தது. அவனுக்கு அதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. டார்டிவ் வகையில் பலர் பூஜ்யம்தான். இருபது வருடமாக மாத்திரை சாப்பிட்டுவந்த ஒரு பாட்டி என் எதிரில் கெட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கை இரண்டும் முழங்கால்மேல், பாதம் தரையில் பதிந்து, சொன்னபடி. உதடு குவிந்து விரிந்தது, கன்னம் உள்ளிருந்து புடைத்து அடங்கியது.

"வாயில பாக்கு வச்சிருக்கீங்களா பாட்டி?"

அவர் வாயைத் திறந்து காட்டினார். காலி. மூடியதும் மறுபடி தொடங்கியது.

"வெத்தலைய விட்டு எத்தனையோ வருஷமாச்சு ராசா. ஏன் கேக்குற?"